43ஆம் கேள்விக்குப் பின்னால்

டீ ஆறட்டும். அதற்குள் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக் கணக்குத் தாளின் 43ஆம் கேள்வியைப் பற்றிப் பேசிவிடுவோம்.

தாளின் அமைப்பு தெரிந்ததுதான். ஒரு மதிப்பெண் கேள்வி 14. இரண்டு மதிப்பெண்ணில் பத்து, ஐந்து மதிப்பெண்ணில் பத்து எழுத வேண்டும். கடைசியில் எட்டு மதிப்பெண்ணில் இரண்டு. 43ஆம் கேள்வி வடிவியல், அடுத்தது வரைபடம். கணக்கு வராத பிள்ளைக்கு எல்லா ஊரிலும் சொல்லப்படும் அறிவுரை ஒன்றுதான்: "அந்த ரெண்டு எட்டு மார்க்கையும் பிடிச்சுக்கோ, பாஸ் ஆயிடலாம்." அறிவுரையில் குற்றமில்லை. தேர்ச்சிக்கு 35 போதும் என்னும்போது 16 மதிப்பெண் பெரிய பிடிமானம். அதை நம்பி எத்தனையோ பிள்ளைகள் கரையேறியிருக்கிறார்கள்.

ஆனால் நம் பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் இன்று கேள்வி தேர்ச்சியைத் தாண்டிவிட்டது. 2023 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 97.67 சதவீதத் தேர்ச்சியோடு பெரம்பலூர் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு 97.31 சதவீதத்தோடு அரியலூர். பிற்பட்ட பகுதி என்று பெயர் வாங்கிய இரண்டு மாவட்டங்களின் ஆசிரியர்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்த வேலை இது, கொண்டாட வேண்டியது. அப்படியானால் இனி கேட்க வேண்டியது, பாஸான பிள்ளை 11ஆம் வகுப்பில் எந்த குரூப்பில் போய் உட்காரும், அங்கே தாக்குப்பிடிக்குமா என்பதுதான். அந்த இடத்தில் மனப்பாடமாக வரைந்த படம் உதவாது. ஒவ்வொரு கோட்டையும் ஏன் வரைந்தோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் அதிகம் பயப்படும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அடிப்பக்கம் 6 செ.மீ., உச்சிக்கோணம் 60 பாகை, உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு வரையும் குத்துக்கோடு 4 செ.மீ. முக்கோணம் வரைக.

வழக்கமான வரைமுறை இது. அடிப்பக்கத்தை வரை. இடது முனையில், அடிப்பக்கத்துக்குக் கீழே 60 பாகையில் ஒரு கோடு போடு. அதே முனையில், அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக மேல்நோக்கி இன்னொரு கோடு. அடிப்பக்கத்துக்கு மையக்குத்துக்கோடு வரை. இந்தச் செங்குத்தும் மையக்குத்துக்கோடும் வெட்டும் இடத்தை மையமாக்கி, அடிப்பக்கத்தின் இரு முனைகள் வழியே வட்டம் போடு. மையக்குத்துக்கோட்டில் அடிப்பக்கத்திலிருந்து 4 செ.மீ. மேலே குறித்து இணைகோடு வரை. அது வட்டத்தை வெட்டும் இடம் உச்சி.

முக்கோணம் கேட்டால் வட்டம் எதற்கு? கோணத்தை ஏன் கீழே போட வேண்டும்? பெரும்பாலான பிள்ளைகள் இதைக் கேட்பதே இல்லை. கேட்டால் கணக்கு திறந்துகொள்ளும்.

நமக்கு வேண்டியது ஒரு புள்ளி, உச்சி. அதற்கு இரண்டு நிபந்தனைகள். முதலாவது, அங்கிருந்து பார்த்தால் அடிப்பக்கத்தின் இரு முனைகளும் 60 பாகை அகலத்தில் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட புள்ளிகள் எண்ணற்றவை. அடிப்பக்கத்துக்கு மேலே உள்ளவை அனைத்தும் ஒரே வட்டத்தின் வில்லில் உட்கார்ந்திருக்கும். ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள் சமம் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தது இதைத்தான். வட்டம் வந்த காரணம் அது. இரண்டாவது நிபந்தனை, உயரம் 4 செ.மீ. அந்த உயரத்தில் உள்ள புள்ளிகள் எல்லாம் ஒரு இணைகோட்டில் இருக்கும். இரண்டு நிபந்தனையும் ஒருசேர நிறைவேறும் இடம், வட்டமும் கோடும் வெட்டும் இடம்.

சரி, கீழே போட்ட கோணம்? அந்தக் கோடு நாம் வரையப்போகும் வட்டத்துக்குத் தொடுகோடு. தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட கோணம், எதிர் வட்டத்துண்டில் அமையும் கோணத்துக்குச் சமம். கீழே 60 போட்டால் மேலே எங்கே உச்சியை வைத்தாலும் 60 கிடைக்கும். தொடுகோட்டுக்கு ஆரம் செங்குத்து என்பதால்தான் அடுத்த வரியில் 90 பாகை வருகிறது. மையம் இரு முனைகளிலிருந்தும் சம தூரத்தில் இருக்க வேண்டும் என்பதால் மையக்குத்துக்கோடு. வட்டத்துக்கான வரிகள் எல்லாம் மூன்றே காரணங்களில் அடங்கிவிட்டன.

இந்தப் புரிதல் உள்ள பிள்ளைக்குக் கேள்வியை மாற்றிக் கொடுத்தாலும் கவலையில்லை. குத்துக்கோட்டுக்குப் பதில் நடுக்கோடு கொடுத்தால், இணைகோட்டை விட்டுவிட்டு அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து அந்த நீளத்துக்கு ஒரு வில் அடித்தால் போயிற்று. வட்டம் அப்படியே இருக்கும். குத்துக்கோடு 6 செ.மீ. என்று தவறாக அச்சாகி வந்தாலும் அந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். அடிப்பக்கம் 6, கோணம் 60 என்றால் சமபக்க முக்கோணத்தின் உயரம்தான் உச்சவரம்பு, ஏறக்குறைய 5.2 செ.மீ. அதற்கு மேல் போனால் கோடு வட்டத்தைத் தொடாது.

அடுத்தது வடிவொத்த முக்கோணம். விகிதம் 3/5 என்றால் அடிப்பக்கத்தின் ஒரு முனையிலிருந்து கீழே இறங்கும் கதிரில் சம இடைவெளியில் 5 புள்ளிகள் குறிக்கிறோம். ஐந்தாவதை அடிப்பக்கத்தின் மறுமுனையோடு சேர்த்து, மூன்றாவதிலிருந்து இணையாக வரைகிறோம். விகிதம் 7/4 என்றால் 7 புள்ளிகள். நான்காவதை முனையோடு சேர்த்து, ஏழாவதிலிருந்து இணைகோடு. எந்தப் புள்ளியை எதோடு சேர்ப்பது என்பதில்தான் மதிப்பெண் போகிறது. பகுதி எண்ணைத்தான் பழைய முனையோடு சேர்க்க வேண்டும், ஏனென்றால் கொடுத்த முக்கோணத்தை நாம் அத்தனை பங்காகப் பிரிக்கிறோம். பின்னால் நிற்பது தேல்ஸ் தேற்றம். பரப்பு மட்டும் 3/5 ஆகாது, 9/25 ஆகும்; ஒரு மதிப்பெண் கேள்வியில் இங்கே தடுக்கி விழுபவர்கள் அதிகம். காடு கழனி வைத்திருப்பவர்கள் தங்கள் நிலத்துக்கு வாங்கும் புலப்படமும் அந்த நிலத்தின் வடிவொத்த உருவம்தான். அதை எடுத்துப் பிள்ளைக்குக் காட்டுங்கள். நிலத்தை முக்கோணங்களாகவும் செங்குத்துத் தூரங்களாகவும் பிரித்து அளந்திருப்பார்கள்.

தேல்ஸ் எகிப்தின் பிரமிடு உயரத்தை நிழலை வைத்துக் கணக்கிட்டார் என்று ஒரு பழங்கதை உண்டு. அரியலூர் மாவட்டத்துப் பிள்ளைக்கு எகிப்து வரை போக வேண்டாம். கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. முதலாம் இராஜேந்திரன் எழுப்பிய விமானம், உயரம் சுமார் 55 மீட்டர். ஒரு மீட்டர் கம்பை நட்டு அதன் நிழலை அள, விமானத்தின் நிழலையும் அள, விகிதம் போடு என்று புத்தகம் சொல்லும். அப்படியே செய்தால் விடை குறைவாக வரும். உச்சிக்கு நேர்கீழே உள்ள புள்ளி சுவருக்கு உள்ளே, கருவறைக்குள் இருக்கிறது. நிழல் ஒரு பக்கச் சுவருக்குச் செங்குத்தாக விழும் நேரத்தில் அளந்து, விமானத்தின் பாதி அகலத்தையும் கூட்ட வேண்டும். செங்கோண முக்கோணத்தின் மூன்று முனைகளும் எங்கே இருக்கின்றன என்று முதலில் உதவிப்படம் போட்டுப் பார்த்தவருக்கு இது தானாகத் தெரியும். எந்தக் கணக்குக்கும் முதலில் உதவிப்படம் போடச் சொல்வது அதற்காகத்தான்.

தொடுகோட்டுக் கணக்கு எளிது. ஆரம் 3, மையத்திலிருந்து தூரம் 5 என்றால் தொடுகோட்டின் நீளம் 4 வந்தாக வேண்டும், பிதாகரஸ் சொல்கிறார். 3.7 வந்தால் காம்பஸ் திருகு தளர்ந்திருக்கிறது. கணக்கைக் குறை சொல்லும் முன் ஜாமெட்ரி பாக்ஸைப் பாருங்கள். ஆடும் காம்பஸும் மழுங்கிய பென்சிலும் நன்றாகப் படிக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணையும் தின்றுவிடும்.

தயாராவது எங்கிருந்து? பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் நான்காம் பாடத்திலிருந்து அல்ல. ஒன்பதாம் வகுப்பு வடிவியலிலிருந்து. சர்வசமம், இணைகோடுகளில் உண்டாகும் கோணங்கள், வட்டத்தின் நாண், வட்ட நாற்கரம் ஆகியவற்றில் பழைய பயிற்சிக் கணக்குகளில் சிலவற்றையாவது புத்தகம் பார்க்காமல் போட்டுப் பாருங்கள். தடுமாறும் இடம் தெரிந்துவிடும். அதைச் சரிசெய்யாமல் தேல்ஸ், கோண இருசமவெட்டி, பிதாகரஸ் நிரூபணங்களை உருப்போட்டால் தேர்வு மண்டபத்தில் ஒரு வரி மறந்ததும் மொத்தமும் போய்விடும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதில் நேரடி லாபமும் உண்டு. 2023இல் தொடங்கிய தமிழ்நாடு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வை அவர்கள் எழுதலாம். பாடத்திட்டம் 9, 10ஆம் வகுப்பு. முதல் தாளில் கணக்கு மட்டும் 60 கேள்விகள். தேர்வாகும் ஆயிரம் பேருக்கு இளநிலைப் பட்டம் முடிக்கும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். அங்கே படம் வரையச் சொல்ல மாட்டார்கள். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். காரணம் தெரிந்தவருக்கே அது கைகொடுக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நமக்குக் கணக்குத் தெரியாதே என்று ஒதுங்காதீர்கள். பிள்ளை வரைந்த படத்தில் ஏதாவது ஒரு கோட்டைத் தொட்டு, "இதை எதுக்குப் போட்டே?" என்று கேளுங்கள். "புக்குல அப்படித்தான் இருக்கு" என்று பதில் வந்தால், மறுநாள் வகுப்பில் ஆசிரியரிடம் அதையே கேட்டுவரச் சொல்லுங்கள்.