சீருடை களைந்த பின் வரும் நாற்பது ஆண்டுகள்

சுதந்திர இந்தியாவின் ராணுவத் தலைமைத் தளபதிப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரான கே.எம். கரியப்பா 1953 ஜனவரி 14 அன்று ஓய்வு பெற்றதை நினைவுகூர்ந்து, அந்நாள் முன்னாள் படைவீரர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தமிழகத்தில் அது போகியோடோ பொங்கலோடோ சேர்ந்து வந்துவிடுவதால் பெரும்பாலோர் கவனத்துக்கு வருவதில்லை. 1949 முதல் டிசம்பர் 7 அன்று வசூலிக்கப்படும் கொடிநாள் நிதியையே மக்கள் அதிகம் அறிவர். ஆயினும் படைவீரருக்கு நாடு செய்யும் மரியாதையை இத்தகைய நாள்களைக் கொண்டு அளப்பதைவிட, அவருடைய ஓய்வூதியக் கோப்பு எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதைக் கொண்டு அளப்பதே பொருத்தம்.

படையின் இளமையைப் பேணுவதற்காகச் சிப்பாய்கள் முன்கூட்டியே விடுவிக்கப்படுகின்றனர். பதினைந்து ஆண்டுப் பணி ஓய்வூதியத்துக்குத் தகுதி தருவதால், பலர் நாற்பது வயதை ஒட்டியே ஊர் திரும்புகின்றனர். பிள்ளைகளின் படிப்பும் வீட்டுச் செலவும் உச்சத்தில் இருக்கும் அவ்வயதில் தொடங்கும் ஓய்வூதியத்தை, ஒருவர் தம் பணிக்காலத்தைப்போல் இருமடங்குக்கும் மேலாகப் பெறக்கூடும். ஒரே பதவியில், ஒரே அளவு காலம் பணியாற்றிய இருவர் வெவ்வேறு ஆண்டுகளில் ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே ஓய்வூதியம் பெற வேண்டும் என்னும் ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ கோரிக்கை பல்லாண்டுப் போராட்டமாக வளர்ந்ததற்கு இதுவே காரணம். 2015 நவம்பரில் வெளியான ஆணை, 2014 ஜூலை 1 முதல் அதை நடைமுறைப்படுத்தி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுநிர்ணயம் செய்யவும் வகைசெய்தது.

தொகை உயர்ந்தாலும் அது கைக்கு வந்து சேரும் வழி வேறொரு சிக்கல். முன்பு வங்கிகள் வழங்கிவந்த ஓய்வூதியம் இப்போது பெரும்பாலும் ‘ஸ்பர்ஷ்’ என்னும் இணையவழி அமைப்பின் மூலம் நேரடியாக வழங்கப்படுகிறது. இதனால் இடைத்தரப்பு குறைந்தது மெய்யே. ஆனால் கணினி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் இயல்புடையது. தமிழர் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. அது ராணுவப் பதிவேட்டில் முழுப் பெயராக விரிந்தும் ஆதாரில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியும் நிற்பதுண்டு. மனைவியின் பெயர், திருமணமானபோது பிரிவு எழுத்தர் பதிந்த ‘பார்ட் டூ ஆர்டர்’ என்னும் பணிப்பதிவு ஆணையில் ஒருவிதமாகவும் குடும்ப அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தால், கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் கோரும் மூதாட்டி, இரு பெயர்களும் தம்முடையவையே என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து நிரூபிக்க நேர்கிறது. திருத்தம் செய்யவேண்டிய ‘ரெக்கார்ட் ஆபீஸ்’ எனப்படும் ஆவண அலுவலகமும் அருகில் இருப்பதில்லை: மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரியின் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியியல் படைக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸ் பிரிவுக்கு ஜபல்பூர்.

மருத்துவத்துக்கென 2003 ஏப்ரலில் தொடங்கப்பட்ட இ.சி.எச்.எஸ். என்னும் பங்களிப்புச் சுகாதாரத் திட்டம், ஓய்வூதியரிடம் ஒருமுறை மட்டும் பங்குத்தொகை பெற்று, அவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் பாலிகிளினிக் வழியாகவும் அங்கு பரிந்துரைக்கப்படும் தனியார் மருத்துவமனைகள் வழியாகவும் சிகிச்சை அளிக்கிறது. ஏற்பாடு நல்லதே, பாலிகிளினிக் இல்லாத ஊரில் இருப்பவருக்குத்தான், ஒரு பரிந்துரைச் சீட்டுக்காகவும் மாத மருந்துக்காகவும் பேருந்து ஏறும் நாள் முழுதாகப் போய்விடுகிறது.

மாவட்ட அளவில் இயங்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அடையாள அட்டை, கல்வி உதவி, ஓய்வூதிய மனுக்கள் ஆகியவற்றைக் கவனிக்கிறது. சுயதொழிலுக்கு மூலதன மானியத்துடன் கடன் பெற்றுத்தரும் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தையும் தமிழக அரசு அறிவித்துள்ளது. இவ்வலுவலகங்கள் ஊர்தோறும் முகாம் நடத்தி, வீரர் உயிருடன் இருக்கும்போதே டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, கணவன் மனைவி இருவரின் ஆதார் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்தக் கோருமானால், அவர் ஒரு கையெழுத்தில் முடிக்கக்கூடிய வேலை பின்னாளில் மனைவியின் தலையில் விழாது.