சிங்கையில் பிறந்த 'ஷாண்டி'
ஓர் இசைத்தட்டின் வரலாறு

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டுகளையும் அரசாங்க ஆவணங்களையும் நாடுவர். அவ்வூர் மக்கள் மாலைப் பொழுதில் எவ்விசையைக் கேட்டு மகிழ்ந்தனர் என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுவர். சிங்கப்பூரின் 1960-களை அறிய விரும்புவோர் அவ்வாறு விட்டுவிட இயலாத இசைத்தட்டு ஒன்று உண்டு. 'தி குவெஸ்ட்ஸ்' என்னும் இளைஞர் குழு 1964-இல் வெளியிட்ட 'ஷாண்டி' என்பதே அது. அதில் பாட்டில்லை, நால்வரின் கருவியிசை மட்டுமே உண்டு. எனினும், பீட்டில்ஸ் குழுவினரின் 'ஐ ஷுட் ஹேவ் நோன் பெட்டர்' என்ற பாடலை விலக்கிவிட்டுச் சிங்கப்பூர்த் தரவரிசையில் அது முதலிடம் பெற்றது. உள்நாட்டுக் குழு ஒன்று அவ்விடத்தை எட்டியது அதுவே முதன்முறை. அத்தட்டு எவ்வாறு உருவாயிற்று, இன்றளவும் ஏன் போற்றப்படுகிறது என்பவை ஆராயத்தக்கன.

பள்ளியில் முளைத்த விதை

குவீன்ஸ்டவுன் தொழில்நுட்ப உயர்நிலைப்பள்ளி மாணவர்களான ஜாப் சோங், ரேமண்ட் லியோங் ஆகியோர் 1960-களின் தொடக்கத்தில் இக்குழுவைத் தோற்றுவித்தனர். ஹென்றி சுவாவும் லிம் வீ குவானும் உடன் சேர்ந்தனர். குழுவுக்குப் பெயர் வேண்டியிருந்தபோது அவர்கள் தொலைவில் தேடவில்லை. தம் பள்ளி இதழின் பெயரையே எடுத்துக்கொண்டனர். 'குவெஸ்ட்' என்பதற்குத் தேடல் என்பது பொருள். பின்னர் லியோங்கின் இடத்தில், இந்திய வழியினரான ரெஜி வர்கீஸ் முதன்மைக் கிட்டார் கலைஞராக அமர்ந்தார்.

இவர்களுக்குத் தூண்டுகோலாய் அமைந்தது 1961 நவம்பரில் நடந்த ஒரு நிகழ்ச்சி. இங்கிலாந்தின் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய 'ஷாடோஸ்' குழுவினரும் அப்போது கேலாங்கில் இருந்த ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் இசை வழங்கினர். ஷாடோஸ் குழுவின் 'அப்பாச்சி' என்னும் கருவியிசை 1960-இலேயே உலகெங்கும் புகழ் பெற்றிருந்தது. கேள்வி வழியே அறிந்ததை நேரிற்கண்ட சிங்கை இளைஞர்கள் ஊரெங்கும் கிட்டார் குழுக்களை அமைக்கத் தலைப்பட்டனர்.

நால்வர் இசையின் அமைப்பு

நம் நாகசுர மேளத்தோடு ஒப்பிட்டால் இவ்விசையின் அமைப்பு எளிதில் விளங்கும். நாகசுரம் பண்ணை நடத்துகிறது. ஒத்து சுருதியை நிறுத்துகிறது. தவில் தாளத்தைத் தாங்குகிறது. கிட்டார் குழுவில் பண்ணை நடத்துவது முதன்மைக் கிட்டார். தாளத்தைக் காப்பது டிரம். ஆயின் ஒத்தின் இடத்தில் பெரியதொரு வேறுபாடு உண்டு. நம் சுருதி தொடக்கம் முதல் இறுதி வரை மாறாது நிற்கும். மேனாட்டு இசையிலோ, சில சுரங்களை ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு அடிநிலையாக அமைந்து, பண்ணின் போக்கிற்கேற்ப அடிக்கடி மாறிக்கொண்டே செல்லும். இப்பணியைத் துணைக் கிட்டார் செய்ய, தாழ்ந்த ஒலியுடைய பேஸ் கிட்டார் அதற்கு அடித்தளம் இடுகிறது. ஷாண்டியில் இப்பொறுப்புகளை முறையே வர்கீஸ், லிம், சோங், சுவா ஆகியோர் ஏற்றனர்.

மின்கிட்டாரின் தந்தி உலோகத்தால் ஆனது. அதன் அடியில் காந்தமும் கம்பிச்சுருளும் உள்ளன. தந்தி அதிரும்போது சுருளில் சிறு மின்னோட்டம் எழுகிறது. ஒலிபெருக்கி அதைப் பெருக்கித் தருகிறது. ஆகவே நால்வர் வாசித்தாலும் ஓர் அரங்கையே நிரப்ப இயலும். பெரிய வாத்தியக் குழுவை அமர்த்தப் பொருளற்ற பள்ளி மாணவர்க்கு இக்கருவி கைகொடுத்ததன் காரணம் இதுவே.

போலச் செய்தலும் புதிது செய்தலும்

தமிழ் இலக்கணம் நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுக்கும். அந்நாளைய உள்ளூர்க் குழுக்கள் பெரும்பாலும் வழிநூல் செய்தவை. மேனாட்டுத் தட்டுகளைக் கேட்டு அவ்வண்ணமே வாசித்தன. ஷாண்டியோ ஹென்றி சுவா தாமே இயற்றிய மெட்டு. அதன் நடையில் ஷாடோஸ் குழுவின் சாயல் உண்டு என்பதை மறுக்கவேண்டுவதில்லை. ஆயினும் மெட்டு சிங்கை இளைஞருடையது. இ.எம்.ஐ. நிறுவனம் தன் கொலம்பியா முத்திரையில் அதை வெளியிட்டது. மறுபக்கத்தில் 'காலப்பிங்' என்னும் கருவியிசை இருந்தது. நிமிடத்திற்கு 45 முறை சுழலும் சிறு தட்டு, பக்கத்திற்குச் சற்றேறக்குறைய மூன்று நிமிடமே இடந்தரும். அச்சிறு எல்லைக்குள் பண்ணைத் தொடங்கி, வளர்த்து, முடித்தாக வேண்டும். குறட்பாவின் சுருக்கத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வருமை விளக்கவேண்டுவதன்று.

அதே 1964-இல் சிராங்கூன் சாலைத் தமிழர் அறிந்திருந்த திரையிசையிலும் மேனாட்டுத் துள்ளல் புகுந்திருந்தது. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' படத்திற்கு விசுவநாதன்-ராமமூர்த்தி அமைத்த இசை அதற்குச் சான்று. மலாய் இளைஞரிடையே இதே கிட்டார் இசை 'பாப் யே யே' என வளர்ந்தது. ஒரே அலை பல மொழிக் கரைகளைத் தொட்ட காலம் அது.

ஆண்டின் சிறப்பு

1964 சிங்கப்பூருக்கு அமைதியான ஆண்டன்று. சூலையிலும் செப்டம்பரிலும் இனக் கலவரங்கள் மூண்டு உயிர்ச்சேதம் விளைந்தது. அவ்வாண்டிலேதான் சீன இளைஞரும் இந்திய வழி இளைஞரும் கூடி இயற்றிய இசை நகரின் முதல் தட்டாயிற்று. ஓர் இசைத்தட்டு பகையைத் தீர்த்தது என்று கூறுவது மிகையாகும். ஆனால், சொல்லில்லா இசையை இரசிக்க எம்மொழியும் தடையன்று. நான்கு மொழிகள் வழங்கும் ஊரில் யாவரும் அதைத் தமதெனக் கொள்ள முடிந்தது.

ஏற்றமும் இறக்கமும்

1966-இல் 'குவெஸ்டிங்' என்னும் நீள்தட்டு வெளிவந்தது. வெர்னன் கார்னீலியஸ் பாடகராகச் சேர்ந்தார். 1970-இல் குழு கலைந்தது. விரைவில் காலமும் மாறியது. கிட்டார் இசைக்குப் பெரும் ஆதரவு தந்த பிரிட்டிஷ் படையினர் 1971-இல் தளங்களை விட்டுப் பெரும்பாலும் வெளியேறினர். நீள்முடிக்கு எதிரான அரசாங்கக் கண்டிப்பும் வலுத்தது; 1972-இல் புகழ்பெற்ற லெட் செப்பலின் குழுவினரே முடியின் காரணமாக நாட்டுக்குள் நுழைய முடியாது திரும்பினர். கிட்டார் இசை ஐயத்துடன் நோக்கப்பட்ட அக்காலத்திலும் வர்கீஸ் இசைத்தட்டுத் தயாரிப்பாளராகத் தொண்டைத் தொடர்ந்தார்.

நிலைத்ததன் காரணம்

மெட்டின் எளிமையும் முதன்மை பெற்ற பெருமையும் ஷாண்டியின் வாழ்வுக்குக் காரணங்கள். மூன்றாவது காரணமே முக்கியமானது: அதன் கதை எழுதிவைக்கப்பட்டது. ஹென்றி சுவா 2001-இல் குழுவின் வரலாற்றை நூலாக்கினார். ஜோசப் பெரேரா 2011-இல் அக்கால இசையின் வரலாற்றை 'அப்பாச்சி ஓவர் சிங்கப்பூர்' என்ற நூலில் தொகுத்தார். எழுத்து இன்றேல் தட்டு தேய்ந்த அன்றே கதையும் தேய்ந்திருக்கும்.

சிங்கைத் தமிழர் இயற்றிய மெட்டுகளும் பாடல்களும் எத்தனையோ உண்டு. இயற்றியவர் பெயர், ஆண்டு, பாடப்பட்ட மேடை ஆகியவற்றை, அறிந்தோர் இருக்கும்போதே கேட்டுக் குறித்துவைத்தல் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் ஏற்ற பணியாகும். அதனை வெளியிடப் பள்ளி இதழே போதும். குவெஸ்ட்ஸ் குழுவினருக்குப் பெயர் தந்ததும் ஒரு பள்ளி இதழே அன்றோ!