தீக்காயம்: ஒட்டுவதற்குத் தோலே இல்லாதபோது

ஆழமான தீக்காயம் தானாக ஆறாது. கருகிய தோலை அகற்றிவிட்டு, நோயாளியின் தொடை போன்ற இடத்திலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டுவார்கள். தோல் போதாவிட்டால் அதில் சிறு துளைகளிட்டு, வலைபோல் விரித்துப் பரப்புவார்கள்.

பிறர் தோலை ஒட்டலாமே என்று தோன்றும். இறந்தவர்கள் தானமளித்த தோல் தற்காலிகப் போர்வை மட்டுமே. சில வாரங்களில் உடல் அதை நிராகரித்துவிடும்.

அப்படியானால் உடல் முழுதும் வெந்தவருக்கு என்ன வழி? 1983இல் அமெரிக்காவில் 5, 6 வயதுடைய இரு சகோதரர்களுக்கு உடலில் 95 சதவீதத்துக்கும் மேல் தீக்காயம். எரியாமல் எஞ்சிய சிறு துண்டுத் தோலிலிருந்து செல்களை எடுத்து, ஹோவர்ட் கிரீன் கண்டறிந்த முறைப்படி ஆய்வகத்தில் வளர்த்தார்கள். அவ்வாறு வளர்ந்த தோல் அவர்களது உடலில் ஏறக்குறைய பாதியை மூடியது. இருவரும் பிழைத்தார்கள்.

ஆனால் இப்படி வளர்த்த தோல் மிக மெல்லியது. அதில் வியர்வைச் சுரப்பிகள் இல்லை. எளிதில் கொப்புளம் வரும். வளர்த்து ஒட்ட வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நோய்த்தொற்றுதான் பெரிய எதிரி.

உயிர் பிழைத்தபின்தான் குடும்பத்தாரின் பொறுப்பு தொடங்குகிறது. தழும்பு சுருங்கி மூட்டுகளை மடக்கிவிடும். எனவே வலித்தாலும் தினமும் உடற்பயிற்சி வேண்டும். தழும்பை அழுத்திப் பிடிக்கும் இறுக்கமான ஆடையை மாதக்கணக்கில் அணிய வேண்டும். குழந்தை வளரும் அளவுக்குத் தழும்பு வளராது என்பதால் மீண்டும் மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். வீடு திரும்பியவரை ஒதுக்காமல், பரிதாபப் பார்வையும் பார்க்காமல் இயல்பாகப் பழகுவதும் சிகிச்சையில் ஒரு பகுதியே.