லேப் வேலைக்குச் சான்றிதழ் மட்டும் போதாது



கல்லடியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி ஏ.எல். படிக்கும் நம்ம பிள்ளைகள் சிலர், பாலம் தாண்டி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போய்வந்த பிறகு, "லேப்பில வேலை செய்ய என்ன படிக்கணும்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி.

கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இரத்தசோகை இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வது லேப்காரர்தான். இரத்தம் ஏற்றும்போது வகை பொருந்துகிறதா என்று பார்ப்பதும் அவரே. அதில் பிழை விட்டால் ஆளே போய்விடலாம். அதனால்தான் டொக்டரைப் போல இவரும் இலங்கை மருத்துவ சபையில் பதிய வேண்டும். 1927ஆம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இந்தப் பதிவு நடக்கிறது. சபையின் அலுவலகம் கொழும்பு 10, நொரிஸ் கனால் வீதியில்.

நேரான வழி பட்டப்படிப்பு. பேராதனை, யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. ஏ.எல்.லில் உயிரியல், இரசாயனம், பௌதிகம் மூன்றும் வேண்டும். இடங்களில் 40 வீதம் நாடு முழுதுக்கும் திறமைப்படி, 55 வீதம் மாவட்டப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, மட்டக்களப்பு மூன்றும் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. பிள்ளையை வேறு மாவட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுமுன், எந்த மாவட்டக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் பாருங்கள். சுகாதார அமைச்சு பயிற்சிக்கு ஆள் எடுத்தால் வர்த்தமானியில் வரும்.

இனித்தான் முக்கியமான விசயம். ஆறு மாதம், ஒரு வருசம் என்று லேப் கோர்ஸ் நோட்டீஸ் டவுன் முழுக்க ஒட்டியிருக்கும். நகையை அடகு வைத்து, சேமலாப நிதிக் காசை எடுத்துக் கட்டிவிடுகிறோம். எல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. இரத்தம் எடுக்கும் உதவியாளர் வேலைக்குச் சில உதவலாம். ஆனால் "இதைப் படித்தால் மருத்துவ சபையில் பதியலாமா?" என்று கேளுங்கள். "ஆமாம்" என்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பிறகு சபையிடமே விசாரியுங்கள். இந்தியாவுக்கு அனுப்பிப் படிக்க வைக்க நினைப்பவர்களும் அட்வான்ஸ் கட்டுமுன் இதையே செய்யவேண்டும்.

இன்னொன்று, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பள்ளிக்கூடத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு ஒன்று. நம்ம லயங்களில் இது வீட்டுக்கு வீடு உண்டு. சிலருக்கு அப்பா பெயரே மாறியிருக்கும். பதிவுக்குப் போகும்போது இந்த ஒரு எழுத்து மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். பிள்ளை ஓ.எல். எழுதுமுன்பே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்துப் பதிவாளர் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அரை நாள் பேர் போனாலும் பரவாயில்லை. விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் உங்கள் தோட்ட நலன்புரி அலுவலரிடம் கொண்டு வாருங்கள், நிரப்பித் தருவார்.