கொடுத்தது குருதி, எடுத்தது குலக்கதை!

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே, மாபெரும் பள்ளத்தாக்கின் அடியிலே வாழ்கிறார்கள் ஹவசுப்பாய் எனும் பழங்குடியினர். சில நூறு பேர்தான். நீரிழிவு அவர்களை வாட்டிற்று. 1990-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் வந்தனர். நோயின் வேரைக் காண இரத்தம் வேண்டுமென்றனர். நம்பினர் ஏழையர், நீட்டினர் கரங்களை!

நடந்தது என்ன? அதே இரத்தம் மனநோய் ஆராய்ச்சிக்குப் போயிற்று; உறவுக்குள் மணப்பது பற்றிய ஆராய்ச்சிக்குப் போயிற்று; பள்ளத்தாக்கே எம் பிறப்பிடம் என்போரின் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்ற ஆராய்ச்சிக்கும் போயிற்று! கேட்டால், ஒப்புதல் தாளிலே 'மருத்துவக் கோளாறுகள்' என்றிருக்கிறதே என்று வாதம். வலை எவ்வளவு அகலம், பார்த்தீர்களா?

2004-ல் வழக்கு. 2010-ல் உடன்பாடு: 41 பேருக்கு 7 இலட்சம் டாலர், மிஞ்சிய இரத்தமும் திரும்பிற்று. வெளியான செய்தி திரும்புமா?

அறிவியலுக்கு நாம் பகைவரா? அல்ல, அல்ல! அது நோய் தீர்க்கும் நண்பன். ஆனால் டி.என்.ஏ. என்பது ஒருவர் சொத்தன்று. அண்ணன் கொடுத்தால் தம்பியின் இரகசியமும் அதிலே. தந்தை கொடுத்தால் மகளின் இரகசியமும் அதிலே. பெயரை அழித்தாலும் ஆளைக் காட்டிக் கொடுக்கும். 2023-ல் 'ட்வென்டி த்ரீ அண்ட் மீ' நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரம் களவுபோயிற்று. 2025-ல் அந்நிறுவனமே திவால் மனு போட்டது! பூட்டை மாற்றலாம், பிறப்பை மாற்றலாமா?

தோழர்களே! கையெழுத்துக் கேட்போரை நாம் கேட்போம்: எதற்கு? எவர் கையில்? வேண்டாமென்றால் அழிப்பீரா? விடை வந்த பிறகே விரல் நீட்டுவோம்!