ஒரே பெட்டிக்குள் பத்து கம்ப்யூட்டர்: கடை நடத்துவோரும் ஐ.டி. படிக்கும் பிள்ளைகளும் அறிய வேண்டியவை

நம் பகுதிப் பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, துபாய், ரியாத் என்று பல ஊர்களில் ‘சர்வர் அட்மின்’ வேலை பார்க்கிறார்கள். விடுமுறையில் வந்த பிள்ளை இரவு இரண்டு மணிக்குப் போன் வந்து லேப்டாப்பைத் திறந்தால், “கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பது ஒரு வேலையா?” என்று வாப்பா கேட்கிறார். இன்னொரு பக்கம் மொத்த வியாபாரம், மருந்துக்கடை, ஸ்கேன் சென்டர் நடத்துவோர் பல வருடக் கணக்கை ஒரு சர்வரில் வைத்துவிட்டு, அதை யார் கவனிக்கிறார்கள் என்று விசாரிப்பதே இல்லை. இரு தரப்பாருக்கும் உதவும் என்றே இதை எழுதுகிறோம்.

முன்பு பில் போட ஒரு சர்வர், ஈமெயிலுக்கு ஒன்று, கேமரா பதிவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்குவார்கள். அவற்றில் பாதிக்கு மேல் பெரும்பாலான நேரம் சும்மாவே ஓடும். இப்போது வலுவான ஒரே இயந்திரத்தில் ‘ஹைப்பர்வைசர்’ என்ற மென்பொருளை ஏற்றி, அதற்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன்னைத் தனி இயந்திரமாகவே நினைத்துக்கொள்ளும். இவற்றை மெய்நிகர் இயந்திரம், சுருக்கமாக ‘விஎம்’ என்பார்கள். யோசனை புதிதல்ல. ஐபிஎம் நிறுவனம் 1972லேயே தன் பெரிய கணினிகளுக்காக விஎம்/370 என்பதை வெளியிட்டது. சாதாரண சர்வர்களுக்கு 2001ல் விஎம்வேர் இதைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, லினக்ஸோடு வரும் கேவிஎம், அதை வைத்து இயங்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் ஆகியவையும் இன்று புழக்கத்தில் உள்ளன.

இதில் மிச்சமாகும் பணம் உண்மைதான். ஆனால் அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால்தான், ஏன் ஒருவர் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் புரியும். நம் கல்யாண விருந்தை எண்ணிப் பாருங்கள். 500 வீட்டுக்கு அழைப்பு போகும். அரிசியும் கறியும் 400 வீட்டுக் கணக்கில்தான் எடுப்போம். எல்லோரும் ஒரே பந்தியில் வரமாட்டார்கள் என்பது அனுபவம். ஹைப்பர்வைசரும் அப்படித்தான்: இருப்பதைவிட அதிகமான பிராசஸரையும் மெமரியையும் விஎம்களுக்கு வாக்குக் கொடுத்து வைத்திருக்கும். மாதக் கடைசியில் பில்லிங், ஜிஎஸ்டி அறிக்கை, வைரஸ் ஸ்கேன், பேக்கப் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் தேக்சா காலியாகிவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம். விஎம்மின் உள்ளே போய்ப் பார்த்தால் பிராசஸர் 30 சதவீதம்தான் வேலை செய்வதாகக் காட்டலாம். ஆனால் பில் திரை நகராது. தன் முறைக்காக அது வெளியே வரிசையில் காத்திருப்பது உள்ளிருந்து சரியாகத் தெரியாது. விஎம்வேரில் இந்தக் காத்திருப்பு நேரத்துக்கு ‘சிபியு ரெடி’ என்று பெயர். ஆகவே உள்ளேயும் பார்க்க வேண்டும், அடியில் உள்ள இயந்திரத்தையும் பார்க்க வேண்டும். “டாஸ்க் மேனேஜரில் எல்லாம் நன்றாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போகும் சர்வீஸ்காரர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

ஹார்டு டிஸ்க் விஷயம் இதைவிட ஆபத்தானது. 1 டெராபைட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு, விஎம்களுக்கு மொத்தம் 2 டெராபைட் என்று எழுதிக்கொடுக்க முடியும். நிரம்பும்வரை யாருக்கும் தெரியாது. நிரம்பிய நொடியில், எழுத இடம் கேட்ட விஎம்கள் நின்றுவிடும். இதை முன்கூட்டிச் சொல்வதே கண்காணிப்பு மென்பொருளின் முதல் வேலை. ஜாபிக்ஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. 80 சதவீதத்தில் ஓர் எச்சரிக்கை, 90ல் போனுக்கே ஒரு செய்தி என்று வைத்தால் போதும். எல்லாவற்றுக்கும் மெயில் வரும்படி வைத்து, தினம் இருநூறு மெயில் வந்து, ஒன்றையும் யாரும் படிக்காத அலுவலகங்களும் உண்டு. அதற்கு வைக்காமலே இருக்கலாம்.

இடத்தை மெதுவாகத் தின்பதில் ‘ஸ்னாப்ஷாட்’டுக்குப் பெரிய பங்கு. புதிய மென்பொருளை ஏற்றுமுன், சரியாக வராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப இதை எடுத்துவைப்பார்கள். வேலை முடிந்ததும் நீக்க மறந்துவிட்டால், அதன்பின் நடக்கும் மாற்றமெல்லாம் தனிக் கோப்பில் சேர்ந்து பெருத்துக்கொண்டே போகும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பதே விஎம்வேரின் அறிவுரை. பலர் இதையே பேக்கப் என்று நம்புகிறார்கள். அது மூல டிஸ்க்கைச் சார்ந்தே நிற்கிறது. டிஸ்க் போனால் இதுவும் போகும்.

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் ஒன்று தீயில் எரிந்து போனது. நகலையும் அதே இடத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2023 பிப்ரவரியில் வேறுவிதமான தீ: விஎம்வேர் சர்வர்களை வைரஸ் வழியே பூட்டிப் பணம் கேட்டார்கள். உலகெங்கும் ஆயிரக்கணக்கான சர்வர்கள் மாட்டின. எந்த ஓட்டை வழியாக நுழைந்ததாகச் சொல்லப்பட்டதோ, அதை அடைக்கும் திருத்தம் 2021 பிப்ரவரியிலேயே வெளியாகிவிட்டது. இரண்டு வருடம் அதைப் போடாமல், சர்வரை இன்டர்நெட்டில் திறந்தும் வைத்தவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள். ஒரே பெட்டியில் பத்து விஎம் என்றால், ஒரு பூட்டு பத்தையும் பூட்டும்.

கரன்ட் போவது நம் ஊரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யுபிஎஸ் இருந்தால் மட்டும் போதாது. பேட்டரி தீருமுன் அது சர்வருக்குத் தகவல் கொடுத்து, முதலில் பில்லிங் மென்பொருள், அடுத்து டேட்டாபேஸ், கடைசியாக அடி இயந்திரம் என்று வரிசையாக அணைக்கும்படி அமைக்க வேண்டும். ஒரு ஒயரும் கொஞ்சம் செட்டிங்கும்தான் வேலை.

இந்தத் துறைக்கு வர விரும்பும் பிள்ளைகளுக்கு: ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் கோர்ஸுக்கு ஓடுமுன், வீட்டிலுள்ள 8 ஜிபி லேப்டாப்பில் வர்ச்சுவல்பாக்ஸை ஏற்றி இரண்டு லினக்ஸ் விஎம் ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் ஜாபிக்ஸ், மற்றொன்றில் ஒரு சின்ன டேட்டாபேஸ். பிறகு டிஸ்க்கை வேண்டுமென்றே நிரப்புங்கள். எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். டேட்டாபேஸ் விஎம்மை அழித்துவிட்டு பேக்கப்பிலிருந்து மீட்டெடுங்கள். 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது; அதன்பின் ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமம் நிறுத்தப்பட்டு, சந்தா முறை வந்தது. செலவுக்கு அஞ்சி மாற்றுவழி தேடும் நிறுவனங்கள் இருப்பதால், ப்ராக்ஸ்மாக்ஸும் சேர்த்துத் தெரிந்திருப்பது நல்லது.

கடை நடத்துவோர் தங்கள் சர்வீஸ்காரரிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும். நகல் கடைக்கு வெளியே எங்கே இருக்கிறது? அதிலிருந்து கடைசியாக எப்போது மீட்டெடுத்துப் பார்த்தீர்கள்? டிஸ்க் நிரம்பினால் யார் போனுக்குச் செய்தி வரும்? இரண்டாவது கேள்விக்கு ஒரு தேதியைச் சொல்ல அவரால் முடியவில்லை என்றால், இந்த வாரமே ஒரு நாள் கடை அடைத்த பிறகு அவரை வரச் சொல்லி, உங்கள் கண்முன்னே செய்து காட்டச் சொல்லுங்கள்.