படைக்குச் சோறு போட்ட பொதிமாடுகள்

சேலத்திலிருந்து அரூர் போகும் சாலை மஞ்சவாடிக் கணவாய் வழியாகப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இறங்குகிறது. லாரி ஓடாத காலத்தில் இப்படிப்பட்ட மலைவழிகளில் தானியமும் உப்பும் மாட்டின் முதுகில்தான் போயின. தென்னாட்டில் அதையே பெருந்தொழிலாகச் செய்தவர்கள் லம்பாடிகள்.

வண்டி இருக்கும்போது முதுகுச் சுமை எதற்கு? வண்டிக்குப் பாதை வேண்டும். பொதிமாட்டுக்குக் கால் வைக்க இடம் கிடைத்தால் போதும். இருபுறமும் தொங்கும் கோணிகளில் ஏறக்குறைய 100 கிலோ ஏற்றலாம். தீவனம் சுமக்கத் தேவையில்லை, வழியெல்லாம் மேய்ச்சல்தான். செலவு குறைந்தது அதனால்தான். வேகம் குறைந்ததும் அதனால்தான். 1632-ல் வட இந்தியாவில் 14,000 மாடுகளோடு போன ஒரு தாண்டாவை, அதாவது பொதிமாட்டு வியாபாரிகளின் பயணக் கூட்டத்தைப் பார்த்த ஆங்கிலேயர் பீட்டர் மண்டி, அது நாளுக்கு ஆறேழு மைலுக்கு மேல் நகராது என்று எழுதினார். மாடுகள் லம்பாடிகளுடையவை. சரக்கை விலை மலிந்த ஊரில் வாங்கி, ஏறிய ஊரில் விற்றார்கள். கூலிக்குச் சுமந்ததும் உண்டு. ஆனால் அடிப்படையில் அவர்கள் வியாபாரிகள். மனைவி, மக்கள், பாத்திரம் பண்டம் எல்லாம் கூடவே பயணம்.

போர்க்காலத்தில் இவர்கள் மதிப்பு உயர்ந்தது. 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகே மைசூர் திப்பு சுல்தானின் படையை வென்ற கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி கார்ன்வாலிஸ், அதே மாதம் பின்வாங்கினார். காரணம் பசி. இழுவை மாடுகள் செத்து விழ, முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே உடைத்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அதன்பின் லம்பாடிகளைத் திரட்டித் தானியம் வரவழைத்தவர்களில் முக்கியமானவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். மறு ஆண்டு பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை முற்றுகைக்குள்ளானது. மார்ச் உடன்படிக்கையில் இன்றைய தருமபுரிப் பகுதியை உள்ளடக்கிய பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. அதற்கு முதல் கலெக்டர் அதே ரீட். பாடப்புத்தகங்களில் தளபதிகளுக்கு இடமுண்டு, மூட்டை கொண்டுவந்தவர்களுக்கு இல்லை.

1861-ல் ரயில் சேலத்தை எட்டியது. பாப்பிரெட்டிப்பட்டியை அடுத்த பொம்மிடி அந்தத் தடத்தில்தான் இருக்கிறது. ஒரு தாண்டா பல நாள் நடந்து சேர்க்கும் தானியத்தை ரயில் சில மணி நேரத்தில் இறக்கியது. பிழைப்புப் போனது போதாதென்று, படைக்குச் சோறு கொண்டுவந்த சமூகத்தின் பல பிரிவுகளைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் சேர்த்தது பிரிட்டிஷ் ஆட்சி.

அரூர் வட்டத்துச் சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்கள் இன்று ‘போர்கை’ என்ற பெயரில் பூத்தையல் செய்து, துணிகளும் பைகளும் விற்கிறார்கள். பொதிமாடுகள் இருந்த நாளில் லம்பாடிப் பெண்களின் தையல் மாட்டின் கொம்புக்கும் நெற்றிக்கும் அலங்காரமாகவும் போனது.